கணிப்பொறி வரைவில் வழியறிதல்

முதன்மைப் பட்டியைப் பொருளுணர்ந்து கையாளும் முறை

வரைபடம் என்பது பொறியாளரின் எழுத்து. ஒரு கட்டடத்தையோ, பாலத்தையோ, இயந்திர உறுப்பையோ மனத்தில் எண்ணி அமைப்பவர் ஒருவர். அதனைக் கையால் செய்து முடிப்பவர் மற்றொருவர். இவ்விருவரும் ஒருவரையொருவர் காணாமலே போய்விடவும் கூடும். இடையில் நின்று பேசுவது வரைபடம் ஒன்றே. அதில் ஒரு கோடு பிழைபட்டால் சுவர் பிழைபடும். ஓர் அளவு மாறினால் செங்கல்லும் மரமும் இரும்பும் வீணாகும். ஆதலின், வரைபவர் தம் கருவிகளை ஐயமறக் கற்றிருத்தல் இன்றியமையாததாகும்.

முன்னாளில் இக்கருவிகள் யாவும் கண்ணெதிரே கிடந்தன. வரைவுப் பலகை, டீ-ஸ்கொயர், மூலைமட்டம், கவராயம், அளவுகோல், அழிப்பான் ஆகியவற்றை மேசைமீது பரப்பி வைத்தால், எது எதற்கென்று மாணவனுக்குத் தனியே கூறவேண்டுவதில்லை. கவராயத்தைக் கொண்டு எவரும் கோட்டை அழிக்க முயல்வதில்லை. கணிப்பொறியிலோ நிலைமை வேறு. நூற்றுக்கணக்கான கருவிகள் திரையின் உச்சியில் உள்ள ஏறத்தாழப் பன்னிரண்டு சொற்களின் பின்னே மறைந்துள்ளன. அச்சொற்களின் வரிசையையே முதன்மைப் பட்டி என்பர். பயிற்சிக் கூடங்களில் ‘மெயின் மெனு’ என்றே வழங்குவர். புதிதாகப் பயில்பவர் திகைப்பதும், தவறான கருவியைத் தம்மை அறியாமலே கையிலெடுப்பதும் பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

இப்பட்டியை மனப்பாடம் செய்வதால் பயன் மிகுதியாக இல்லை. பதிப்பு மாறினால் இடமும் மாறிவிடும். பட்டியில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எதன்மீது செயற்படுகிறது என்பதை உணர்ந்துகொண்டால், எப்பதிப்பிலும், எம்மென்பொருளிலும் வழி தானே புலப்படும். இக்கட்டுரையில் இவ்வுண்மை, உலகெங்கும் மிகுதியாக வழங்கும் ஆட்டோகேட் என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகிறது.

பட்டி வளர்ந்த வரலாறு

கணிப்பொறித் திரையில் நேரே படம் வரையலாம் என்பதை முதன்முதலில் சிறப்புறக் காட்டியவர் அமெரிக்க நாட்டின் ஐவன் சதர்லாந்து ஆவார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963 ஆம் ஆண்டு அவர் அமைத்த ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் ஏற்பாட்டில், ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு வரைதலும், ஒரு கையால் பொத்தான்களை அழுத்திக் கட்டளையிடுதலும் இயன்றன. ஆயினும் அக்கணிப்பொறி ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் அளவினது. சிறு அலுவலகங்களும் பள்ளிகளும் அதனை எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை.

மேசைக் கணிப்பொறிகள் பரவிய பின்னரே இந்நிலை மாறிற்று. 1982 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தோன்றிய ஆட்டோடெஸ்க் நிறுவனம் அவ்வாண்டு டிசம்பர் திங்களில் ஆட்டோகேட் மென்பொருளை வெளியிட்டது. அதன் தொடக்கப் பதிப்புகளில் முதன்மைப் பட்டி என்பது முழுத் திரையையும் கொண்ட எண்ணிட்ட பட்டியலாக இருந்தது. 1 என்று தட்டினால் புதிய படம் தொடங்கும். 2 என்றால் முன்பே உள்ள படம் திறக்கும். 3 என்றால் படம் வரைபொறியில் அச்சாகும். 5 என்றால் கருவிகளின் பொருத்தத்தை மாற்றலாம். 6 என்றால் கோப்புகளைப் பேணலாம். 0 என்றால் மென்பொருளை விட்டு வெளியேறலாம். படத்திற்குள் நுழைந்த பின்னர், கோடு வரைதல், திருத்தல், அளவிடல் போன்றவை திரையின் வலப்புற ஓரத்தில் மற்றொரு பட்டியாக நின்றன.

இவ்வமைப்பு எளியதாயினும் அதில் ஓர் இடர் இருந்தது. வேலையை முடித்து முதன்மைப் பட்டிக்குத் திரும்ப இரு கட்டளைகள் உண்டு. ‘எண்ட்’ என்பது படத்தைப் பதித்துவிட்டுத் திரும்பும். ‘குயிட்’ என்பது செய்த மாற்றங்களைக் கைவிட்டுத் திரும்பும். இரண்டின் பொருளும் ‘முடித்தல்’ என்றே தோன்றுமாதலால், எச்சரிக்கைக் கேள்வியைப் படியாமல் விடையளித்தவர் நாள் முழுதும் வரைந்ததை நொடியில் இழக்க நேர்ந்தது.

1987 ஆம் ஆண்டில் வந்த ஒன்பதாம் வெளியீடு, திரையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி விரியும் பட்டிகளைக் கொணர்ந்தது. 1992 இல் வந்த பன்னிரண்டாம் வெளியீட்டோடு எண்ணிட்ட முதன்மைப் பட்டி மறைந்தது. 2008 இல் வெளிவந்த 2009 ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘ரிப்பன்’ என்னும் படக்குறிப் பட்டை புகுந்தது. இவ்வாறு தோற்றம் மும்முறை மாறிற்று. எனினும் கோப்பைத் திறத்தல், விதிகளை வகுத்தல், வரைதல், திருத்தல், அளவிடல், அச்சிடல் என்னும் தொழிற்பிரிவு மட்டும் மாறவேயில்லை. கற்கவேண்டுவதும் அதனையே.

பன்னிரு சொற்களும் நான்கு பொருள்களும்

இடமிருந்து வலமாகப் பட்டியில் காணப்படும் சொற்கள் இவை: ஃபைல், எடிட், வியூ, இன்செர்ட், ஃபார்மட், டூல்ஸ், டிரா, டைமென்ஷன், மாடிஃபை, பாராமெட்ரிக், விண்டோ, ஹெல்ப். சில கணிப்பொறிகளில் ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் சொல் ஒன்று கூடுதலாக நிற்கும். 

இவற்றைப் பன்னிரண்டாகக் கருதாமல், செயற்படும் பொருளை நோக்கி நான்காகப் பகுத்துக்கொள்வது நலம். கோப்பின்மீது செயற்படுவன ஒருவகை. பார்வையின்மீது செயற்படுவன ஒருவகை. விதிகளின்மீது செயற்படுவன ஒருவகை. வரைந்த உருவத்தின்மீது செயற்படுவன ஒருவகை. எந்தச் சொல்லைத் தொடுமுன்னரும், “இஃது எதனை மாற்றும்?” என்று தம்மையே கேட்டுக்கொள்பவர் பெரும்பாலான பிழைகளினின்றும் தப்பிவிடுவார்.

கோப்பைச் சார்ந்தவை: ‘ஃபைல்’ என்பது பழைய எண்ணிட்ட பட்டியின் நேர் வாரிசு. புதிய படம் தொடங்குதல், திறத்தல், பதித்தல், அச்சிடல், பழுதுற்ற கோப்பை மீட்டல் ஆகியவை இதன்கீழ் அடங்கும். ‘இன்செர்ட்’ என்பது வேறொரு கோப்பிலுள்ள படத்தையோ ஒளிப்படத்தையோ இப்படத்திற்குள் கொணர்வது. ‘விண்டோ’ என்பது ஒரே வேளையில் திறந்துள்ள பல படங்களுள் எது முன்னே நிற்கவேண்டும் என்பதைத் தெரிவு செய்வது.

பார்வையைச் சார்ந்தது: ‘வியூ’ ஒன்றே. படத்தை அருகில் இழுத்துப் பார்த்தல், தொலைவில் தள்ளிப் பார்த்தல், பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தல் முதலியன இதில் உள்ளன. இவற்றால் படத்தில் எந்த அளவும் மாறுவதில்லை. காண்பவரின் நிலை மட்டுமே மாறுகிறது.

விதியைச் சார்ந்தவை: ‘ஃபார்மட்’ என்பதன்கீழ் அலகு, அடுக்கு, கோட்டின் வகை, கோட்டின் தடிமன், எழுத்தின் பாணி, அளவுக் குறிப்பின் பாணி ஆகியவை வகுக்கப்படுகின்றன. இங்கு எதுவும் வரையப்படுவதில்லை; வரையப்போவது எவ்வாறு அமையவேண்டும் என்பதே முடிவு செய்யப்படுகிறது. ‘டூல்ஸ்’ என்பதில் மென்பொருளின் பொதுவான அமைப்புகளும், கோட்டின் முனை, நடுப்புள்ளி, வட்டமையம் ஆகியவற்றைத் தவறாது பற்றும் ஏற்பாடும், வரைந்ததை அளந்து பார்க்கும் ‘இன்குயரி’ என்னும் கிளையும் இருக்கின்றன.

உருவத்தைச் சார்ந்தவை: ‘டிரா’ புதிதாக வரைவது, ‘மாடிஃபை’ வரைந்ததைத் திருத்துவது, ‘டைமென்ஷன்’ வரைந்ததற்கு அளவு எழுதுவது, ‘பாராமெட்ரிக்’ கோடுகளுக்கிடையே இணையாக இருத்தல், செங்குத்தாக இருத்தல் முதலிய நிலையான உறவுகளைக் கட்டுவது. ‘எடிட்’ என்பது கடைசியாகச் செய்ததைத் திரும்பப் பெறுதல், ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லுதல் ஆகியவற்றுக்குரியது. ‘ஹெல்ப்’ என்னும் துணைநூல் இந்நான்கிற்கும் பொதுவானது.

பட்டியினுள் மூன்று குறிப்புகளையும் கவனித்தல் வேண்டும். ஒரு சொல்லின் வலப்புறத்தில் சிறு முக்கோணம் இருந்தால், அதன்கீழ் வேறொரு கிளை உண்டு. மூன்று புள்ளிகள் இருந்தால், விவரம் கேட்கும் சட்டம் ஒன்று திறக்கும். உடனே எதுவும் நடந்துவிடாது. சொல் மங்கிக் காணப்பட்டால், அப்போதைய நிலையில் அக்கட்டளை செல்லாது என்று பொருள். எந்தக் கட்டளையில் சிக்கிக்கொண்டாலும் ‘எஸ்கேப்’ விசையை அழுத்தினால் அதிலிருந்து விடுபடலாம்.

மயக்கந்தரும் இணைகள்

வழி தவறுவோர் பெரும்பாலும் சில குறிப்பிட்ட சந்திப்புகளிலேயே தவறுகின்றனர். அவற்றை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, ‘வியூ’ பட்டியில் உள்ள ‘சூம்’ என்பதும், ‘மாடிஃபை’ பட்டியில் உள்ள ‘ஸ்கேல்’ என்பதும். திரையில் இரண்டும் படத்தைப் பெரிதாக்குவனவாகவே தோன்றும். ‘சூம்’ உருப்பெருக்கி ஆடியைப் போன்றது. ஆடியின்கீழ் எறும்பு பெரிதாகத் தோன்றினும் எறும்பு வளர்ந்துவிடுவதில்லை. ‘ஸ்கேல்’ என்பதோ உருவத்தின் அளவையே மாற்றிவிடுகிறது. படம் சிறிதாகத் தெரிகிறதென்று ‘ஸ்கேல்’ கட்டளையால் இருமடங்காக்கியவர், 6 மீட்டர் அறையை 12 மீட்டர் அறையாக்கி விட்டார் என்பதே பொருள். திரையில் பார்க்கும்போது படம் முன்னிலும் தெளிவாக இருப்பதால், இப்பிழை உடனே புலப்படுவதுமில்லை.

இரண்டாவது, ‘வியூ’ பட்டியின் ‘பான்’ என்பதும், ‘மாடிஃபை’ பட்டியின் ‘மூவ்’ என்பதும். முன்னது மேசைமீது தாளை நகர்த்துவது போன்றது. பின்னது தாள்மீதுள்ள உருவத்தையே பெயர்த்து வைப்பது போன்றது. கிணற்றின் இருப்பிடத்தைக் குறித்த நிலப்படத்தில் ‘பான்’ என்று எண்ணி ‘மூவ்’ செய்துவிட்டால், கிணறு அடுத்தவர் நிலத்திற்குச் சென்றுவிடும்.

மூன்றாவது, ‘காப்பி’ என்னும் ஒரே சொல் ‘எடிட்’ பட்டியிலும் ‘மாடிஃபை’ பட்டியிலும் காணப்படுவது. முன்னது உருவத்தைக் கணிப்பொறியின் இடைக்கால நினைவில் வைத்துக்கொள்கிறது. வேறொரு கோப்பில் ஒட்டுவதற்கு அது பயன்படும். பின்னது அதே படத்தில், குறித்த இடத்தில், குறித்த தொலைவில் மறுபடி அமைக்கிறது. வரிசையாகத் தூண்களை அமைக்க விரும்புபவருக்கு வேண்டியது பின்னதே.

நான்காவது, அளவுக் குறிப்பின் எண்ணை மாற்றுதல். ‘டைமென்ஷன்’ பட்டியால் எழுதப்படும் எண், வரைந்த கோட்டினை மென்பொருளே அளந்து எழுதுவதாகும். சுவர் 5,950 மில்லிமீட்டர் என்று காட்டினால், கோடு அவ்வாறு வரையப்பட்டுள்ளது என்று பொருள். அவ்வெண்ணை அழித்துத் தம் கையால் 6,000 என்று எழுதவும் மென்பொருள் இடங்கொடுக்கிறது. எழுத்து திருந்திவிடும், கோடு திருந்தாது. அப்படத்தை அளந்து மதிப்பீடு தயாரிப்பவர் ஓர் அளவையும், எண்ணைப் படிக்கும் கொத்தனார் வேறோர் அளவையும் கொள்வர். பிழை கண்டவிடத்து ‘மாடிஃபை’ பட்டிக்குச் சென்று கோட்டையே திருத்துவதுதான் முறை.

ஓர் எடுத்துக்காட்டு: வகுப்பறைப் படம்

உட்புறம் 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும், 230 மில்லிமீட்டர் தடிமனுள்ள செங்கற்சுவரும் கொண்ட ஒரு வகுப்பறையின் தரைப்படத்தை வரையவேண்டும் என்று கொள்வோம். பட்டியில் செல்லவேண்டிய வழி பின்வருமாறு அமையும்.

முதற்படி ‘ஃபைல்’. ‘நியூ’ என்பதைத் தெரிவு செய்தால் வார்ப்புருக் கோப்பு எது என்று கேட்கப்படும். ‘ஏகேட்’ என்னும் பெயருடையது அங்குல முறைக்கும், ‘ஏகேட்-ஐஎஸ்ஓ’ என்னும் பெயருடையது மில்லிமீட்டர் முறைக்கும் உரியவை. மெட்ரிக் முறையை 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஏற்றுக்கொண்ட நம் நாட்டில் இரண்டாவதையே கொள்ளவேண்டும். இங்கு நேரும் கவனக்குறைவு நெடுநாள் மறைந்து கிடக்கும். அங்குல வார்ப்புருவில் 8000 என்று வரைந்த அறை, தனியே நிற்கும்வரை சரியாகவே தோன்றும். அதனை மில்லிமீட்டர் முறையிலுள்ள பள்ளி வளாகப் படத்தில் ‘இன்செர்ட்’ செய்யும்போது, மென்பொருள் ஓர் அங்குலத்திற்கு 25.4 மில்லிமீட்டர் என்று பெருக்கிக்கொள்ளும். 8 மீட்டர் அறை 203.2 மீட்டர் நீளமாகி வளாகத்தையே விழுங்கிவிடும்.

இரண்டாம்படி ‘ஃபார்மட்’. ‘யூனிட்ஸ்’ என்பதில் மில்லிமீட்டர் என்றிருப்பதை உறுதி செய்யவேண்டும். வரைந்து முடித்தபின் இவ்விடத்தில் அலகை மாற்றினால், வரைந்த உருவங்கள் தாமாக மாறிவிடா என்பதையும் நினைவிற்கொள்க. பின்னர் ‘லேயர்’ என்பதில் சுவர், கதவு, சன்னல், அளவு, எழுத்து என்று தனித்தனி அடுக்குகளை அமைக்கவேண்டும். இவை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த டிரேசிங் தாள்களைப் போன்றவை. மின்கம்பி அமைப்பவருக்கு அளவு அடுக்கை மறைத்தும், கொத்தனாருக்கு மின்கம்பி அடுக்கை மறைத்தும் ஒரே படத்திலிருந்து அச்சிட்டுத் தரலாம். மறைத்த அடுக்கு அழிந்த அடுக்கன்று.

மூன்றாம்படி ‘டிரா’. சுவர் அடுக்கை நடப்பு அடுக்காகக் கொண்டு ‘ரெக்டாங்கிள்’ கட்டளையைத் தெரிவு செய்து, முதல் மூலைக்கு 0,0 என்றும், எதிர் மூலைக்கு @8000,6000 என்றும் தட்டெழுதவேண்டும். @ என்னும் குறி ‘முந்திய புள்ளியிலிருந்து’ எனப் பொருள்படும். கணிப்பொறியில் படம் எப்போதும் முழு அளவிலேயே வரையப்படுகிறது. சுருக்குவது அச்சிடும்போது மட்டுமே. பலகையில் பழகியவர்கள் மனத்தால் சுருக்கி 160 என்று வரையத் தலைப்படுவது இயல்பு. அப்பழக்கத்தை இங்கே கைவிடவேண்டும்.

நான்காம்படி ‘மாடிஃபை’. ‘ஆஃப்செட்’ கட்டளைக்கு 230 என்று தொலைவைக் கூறி, செவ்வகத்தின் வெளிப்புறத்தைச் சுட்டினால் வெளிச்சுவர்க் கோடு தோன்றும். இப்போது வெளியளவு 8,460 க்கு 6,460 ஆகும். கதவும் சன்னலும் வரும் இடங்களில் ‘டிரிம்’ கட்டளையால் சுவர்க் கோட்டை வெட்டவேண்டும்.

ஐந்தாம்படி ‘டூல்ஸ்’. அளவு எழுதுமுன் சரிபார்ப்பது நல்ல வரைவாளரின் வழக்கம். ‘இன்குயரி’ கிளையில் ‘ஏரியா’ என்பதைத் தெரிவு செய்து உட்புறத்தின் நான்கு மூலைகளையும் தொட்டால், 4,80,00,000 சதுர மில்லிமீட்டர் என்னும் விடை வரும். இது 48 சதுர மீட்டர். எட்டையும் ஆறையும் பெருக்கிய தொகைக்கு ஒக்கும். ஒவ்வாதாயின் பிழையை அப்போதே தேடவேண்டும்.

ஆறாம்படி ‘டைமென்ஷன்’. முழு அளவில் வரைந்த படத்தில் எழுத்தின் உயரத்தையும் அதற்கேற்பப் பெருக்கிக்கொள்ளுதல் வேண்டும். தாளில் 2.5 மில்லிமீட்டர் உயர எழுத்து வேண்டுமெனில், 1:50 அளவுத்திட்டத்திற்குப் படத்தில் 125 மில்லிமீட்டர் உயரம் தேவை. அளவுக் குறிப்பின் பாணியில் ஒட்டுமொத்தப் பெருக்கம் 50 என்று கொடுத்தால் எழுத்தும் அம்புமுனையும் ஒருசேரப் பொருந்தும். பாணியை வகுக்கும் இடம் ‘ஃபார்மட்’ என்பதையும், எழுதும் இடம் ‘டைமென்ஷன்’ என்பதையும் மாணவர் வேறுபடுத்தி அறியவேண்டும்.

ஏழாம்படி மீண்டும் ‘ஃபைல்’. ‘பிளாட்’ என்பதில் 420 க்கு 297 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ3 தாளையும், 1:50 என்னும் அளவுத்திட்டத்தையும் குறிக்கவேண்டும். ‘தாளுக்குப் பொருந்துக’ என்னும் பொருளுடைய கட்டம் குறியிடப்பட்டிருந்தால் அதனை நீக்கிவிடவேண்டும். அக்குறி நீங்காவிடில் படம் தாளை அழகாக நிறைக்கும். ஆனால் அளவுகோலுக்கு அகப்படாத ஏதோ ஓர் அளவில் அச்சாகும். அச்சான தாளில் உட்புற நீளத்தைச் சாதாரண அளவுகோலால் அளந்து, 160 மில்லிமீட்டர் இருப்பதைக் கண்டபின்னரே வேலைத்தலத்திற்கு அனுப்பவேண்டும். அகலம் 120 மில்லிமீட்டர் இருக்கும்.

இவ்வேழு படிகளும் பட்டியில் இடமிருந்து வலமாக ஒரே நேர்கோட்டில் அமையவில்லை. எனினும் விதி, வரைவு, திருத்தம், சோதனை, குறிப்பு, அச்சு என்னும் வரிசை வரைவுப் பலகைக் காலத்து வரிசையேயாகும்.

இழந்ததை மீட்டல்

மின்சாரம் தடைப்படுவதும் கணிப்பொறி இடையில் நின்றுவிடுவதும் எங்கும் நேரக்கூடியவை. அவ்வேளையில் அஞ்சி முதலிலிருந்து வரையத் தொடங்குதல் வேண்டா. மென்பொருள் தானாகவே குறித்த இடைவெளியில், பொதுவாகப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை, ஒரு காப்புப் படியை எழுதிவைக்கிறது. படம் முறையாக மூடப்பட்டால் அது நீக்கப்படும். இடையில் நின்றுவிட்டால் எஞ்சியிருக்கும். இதுவன்றி, ஒவ்வொரு முறை பதிக்கும்போதும் அதற்கு முந்திய நிலை ‘பேக்’ என்னும் ஈற்றுப் பெயருடன் தனிக்கோப்பாகப் பேணப்படுகிறது. ‘ஃபைல்’ பட்டியில் ‘டிராயிங் யூட்டிலிட்டீஸ்’ என்னும் கிளையில் மீட்பு மேலாளர் என்று பொருள்படும் பகுதியைத் திறந்தால், மீட்கத்தக்க படிகள் வரிசையாகக் காணப்படும். பழுதுற்ற கோப்பைச் சீர்செய்யும் ‘ரிக்கவர்’, குறைகளைச் சோதிக்கும் ‘ஆடிட்’ ஆகிய கட்டளைகளும் அங்கேயே உள்ளன.

மீட்டது யாதாயினும், அதனைப் புதிய பெயரில் பதித்து, அளவுகளை மறுபடி சோதித்த பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.

பட்டி காணப்படாவிடில்

இன்றைய பதிப்புகளைத் திறந்தவுடன் மேற்கூறிய சொல்வரிசை காணப்படாமல், படக்குறிகள் நிறைந்த ரிப்பன் மட்டுமே தோன்றலாம். கட்டளை வரியில் ‘மெனுபார்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டெழுதி, 1 என்னும் மதிப்பைக் கொடுத்தால் பழைய பட்டி மீண்டும் வரும்; 0 கொடுத்தால் மறையும். திரையின் இடப்புற உச்சி மூலையில் உள்ள பெரிய ‘ஏ’ எழுத்தைத் தொட்டால், கோப்பைச் சார்ந்த கட்டளைகள் மட்டும் விரியும்.

ரிப்பனிலும் நால்வகைப் பகுப்பே உதவும். வரைதலும் திருத்தலும் அடுக்குகளும் ‘ஹோம்’ என்னும் பிரிவிலும், அளவும் எழுத்தும் ‘அன்னொட்டேட்’ என்னும் பிரிவிலும், அச்சிடல் ‘அவுட்புட்’ என்னும் பிரிவிலும் உள்ளன. கட்டளைகளின் பெயர்கள் மாறவில்லை. கோட்டிற்கு ‘எல்’, ஆஃப்செட்டிற்கு ‘ஓ’, டிரிமிற்கு ‘டிஆர்’, அடுக்கிற்கு ‘எல்ஏ’ என்னும் சுருக்கெழுத்துகளைத் தட்டினால், பட்டி எவ்வடிவில் இருந்தாலும் கட்டளை நிறைவேறும்.

விலை கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத பள்ளிகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் லிப்ரேகேட் போன்றவை ஏற்றவை. இது கியூகேட் என்னும் மென்பொருளிலிருந்து கிளைத்தது. இவ்விரண்டிலும் பட்டியின் வரிசை சிறிது வேறுபடும். ஆயினும் அளவிடல், திருத்தல், அடுக்கு, தொகுதி ஆகிய பிரிவுகளைக் கண்டுகொள்வது கடினமன்று. ‘டிஎக்ஸ்எஃப்’ வடிவில் பதித்த கோப்பின் வழி இம்மென்பொருள்களுக்கும் ஆட்டோகேட்டிற்கும் இடையே படங்களைப் பரிமாறிக்கொள்ளலாம்.

ஆசிரியர் கவனத்திற்கு

தொழிற்பயிற்சி நிலையங்களின் படவரைவாளர் வகுப்புகளில் ஒரு கணிப்பொறியை மாணவர் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலை உண்டாகலாம். அந்நிலையிலும் பட்டியைக் கற்பிக்கத் தடையில்லை. முப்பது கட்டளைகளை முப்பது தாள் துண்டுகளில் எழுதி, கோப்பு, பார்வை, விதி, உருவம் என்னும் நான்கு தலைப்புகளின்கீழ் அடுக்குமாறு மாணவரிடம் கொடுக்கலாம். ‘சூம்’ எழுதிய துண்டை உருவத்தின்கீழ் வைக்கும் மாணவன் எவனோ, அவனே பின்னாளில் அறையை இருமடங்காக்கக் கூடியவன். அவனது மயக்கத்தைக் கணிப்பொறியின் முன் அமருமுன்னரே நீக்கிவிடலாம்.

அடுத்து, ஆசிரியர் வேண்டுமென்றே பிழை செய்த ஒரு படத்தைக் கொடுத்து, அளந்து கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஒரு சுவரின் எண் மட்டும் கையால் மாற்றப்பட்டிருக்கட்டும். ஒரு சன்னல் மட்டும் சிறிது பெயர்க்கப்பட்டிருக்கட்டும். ‘இன்குயரி’ கிளையைத் தேடிச் செல்லும் பழக்கம் இதனால் வேரூன்றும். எழுத்தளவு, தாளளவு, கோட்டுவகை ஆகியவற்றுக்கு இந்தியத் தரநிர்ணயப் பணியகம் பள்ளி, கல்லூரிகளுக்கென வெளியிட்ட எஸ்பி 46 என்னும் கையேட்டினை அடிப்படையாகக் கொள்வது, மாணவர் எங்குப் பணிபுரிந்தாலும் அவர்தம் படம் படிக்கப்படுவதற்கு உதவும்.

வேலைத்தலப் பணியாளரும் இதனால் பயன்பெறுவர். அவர்கள் வரையவேண்டியதில்லையாயினும், வந்த படத்தைத் திறந்து, அடுக்குகளைப் பிரித்து, ஐயமான அளவைச் சோதிக்கக் கற்றிருத்தல் நன்று. எண்ணும் கோடும் ஒவ்வாத படத்தை அடித்தளம் தோண்டுமுன் திருப்பியனுப்புவதற்கு ஒரு நாள் போதும். தோண்டியபின் திருத்துவதற்குப் பல நாட்களும் பொதுப்பணமும் செலவாகும்.

பட்டியின் தோற்றம் இனியும் மாறக்கூடும். அப்போதும், கோப்பை மாற்றுகிறோமா, பார்வையை மாற்றுகிறோமா, விதியை மாற்றுகிறோமா, உருவத்தையே மாற்றுகிறோமா என்று ஒருகணம் நின்று கேட்பவர், வேண்டிய கட்டளையைத் தேடிக் கண்டுகொள்வார். வேண்டாததைத் தொடாமலும் இருப்பார்.